மருமகளுக்கு ஊர் காட்டியவர்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற ரோட்டில், பகலிலேயே ஆள் நடக்கப் பயப்படுகிற கருவேலங்காடு ஒன்று முன்பு இருந்தது. இப்போது அதற்கு ஸ்ரீ ஆனந்தம் கார்டன் சிட்டி என்று பெயர். கார்டன் எங்கே என்று கேட்கக் கூடாது. சிட்டி எங்கே என்று கேட்கவே கூடாது. ஆனந்தமாவது இருக்கிறதா என்று யாராவது கேட்டுவிட்டால், நலச்சங்கத் தலைவர் திருப்பதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"என்னங்க இல்லை நம்ம ஏரியாவுல? தார் ரோடு இருக்கு, ஆர்ச் இருக்கு, பூங்கா இருக்கு. மெயின் ரோட்டுக்கு வந்தா ஏசி சூப்பர் மார்க்கெட்டு. பிரியாணிக் கடை மூணு, மோமோ கடை ஒண்ணு. மெட்ராஸ்ல மட்டும் வேற என்னத்தக் கொட்டி வச்சிருக்கான்?"

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. மனுஷன் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வு ஆபீஸில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. கார்டன் சிட்டிக்காரர்களுக்கு அன்றிலிருந்து வேலை தொடங்கியது.

இந்த வீறாப்பெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். அவருடைய உயிர் இருந்தது மாடியில். மகன் அரவிந்த்குமாருக்குக் கல்யாணம் முடிந்த கையோடு, மகனும் மருமகளும் வந்து இருக்கட்டும் என்று, ரெண்டு பெட்ரூம், பால்கனி, வெஸ்டர்ன் டாய்லெட் சகிதம் ஒரு மாடி கட்டினார். கட்டி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் இன்றுவரை குடியிருப்பது சொர்ணம் காயப்போட்ட மிளகாயும் கொத்தவரங்காய் வற்றலும்தான். சொர்ணம் அவர் மனைவி. திருப்பதி ஒவ்வொரு நாள் காலையிலும் மாடி ஏறிப்போய், ஆளில்லாத வீட்டின் சன்னலைத் திறந்து வைப்பார். சாயங்காலம் போய் மூடிவிட்டு வருவார். கேட்டால் காற்றோட்டம் என்பார்.

அப்படியிருக்கும்போதுதான் சென்னையிலிருந்து மகன் போன் பண்ணினான். இரண்டு பேருக்குமே வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், எந்த ஊரில் வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம்.

"நாலு நாள் வந்து இருந்து பாக்குறோம்ப்பா. கார்த்திகாவுக்கு ஊரு பிடிச்சுதுன்னா அங்கேயே வந்துடுறோம். இல்லைன்னா இங்கயே ஒரு ஃபிளாட் வாங்கிடலாம்னு இருக்கோம்."

மருமகள் கார்த்திகா சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். திருப்பதிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஃபிளாட் என்று ஒன்று வாங்கிவிட்டால் பிறகு மகன் தீபாவளிக்கு வருவான், பொங்கலுக்கு வருவான், அதற்கப்புறம் வீடியோ காலில் வருவான். மாடி வற்றலுக்கென்றே எழுதி வைத்ததாகிவிடும்.

காலையில் எழுந்ததும் நேரே பேனர் கடைக்குப் போனார்.

"அதுக இன்னும் இருக்குறோம்னே சொல்லலையே, அதுக்குள்ள எதுக்குங்க பேனரு?" என்றாள் சொர்ணம்.

"நீ பேசாம இரு. ஊரே வருகன்னு சொல்லும்போது எந்தப் புள்ளையாச்சும் மாட்டேன்னு திரும்பிப் போகுமா?"

நம் பக்கத்தில் காதுகுத்துக்குப் பேனர், வீடு குடிபோனால் பேனர், செத்தால் பேனர், செத்து ஒரு வருஷம் ஆனாலும் பேனர். ஆனால் மருமகள் குடிவருவாளா மாட்டாளா என்று தெரிவதற்கு முன்பே பேனர் வைத்த பெருமை திருப்பதியையே சேரும். 'நமது நகரில் நிரந்தரமாகக் குடியேற வருகை தரும் மென்பொருள் தம்பதியரே, வருக! வருக!' என்று ஆர்ச் உயரத்துக்கு நின்றது அது. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். ஓமப்புகையில் கார்த்திகா ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். கீழே நலச்சங்க நிர்வாகிகள் அத்தனை பேரும் காதில் செல்போனை வைத்தபடி வரவேற்றார்கள். இரண்டு ஓரத்திலும் சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சிங்கம் எதற்கு என்று கேட்டதற்கு, "அது டிசைனோட வருது சார்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஆட்டோ ஆர்ச்சுக்கு முன்னால் வந்து நின்றது. கார்த்திகா இறங்கி, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா, இது நானா?"

"நீயேதாம்மா!" திருப்பதிக்கு வாயெல்லாம் பல்.

"இதை எப்ப மாமா எடுப்பாங்க?"

"எடுக்குறதா? ஒரு மாசம் நிக்கும். நீ ஒண்ணும் கவலப்படாத."

அரவிந்த் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போய்விட்டான். அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரியும். தெரிந்தவன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லி வைத்திருக்கலாம். சொன்னால் அவள் வந்திருக்க மாட்டாள் என்று பயந்திருப்பான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரில் பார்க்கவும் அனுபவிக்கவும் இருக்கிற அத்தனையையும் ஒரே நாளில் காட்டிவிடுவதென்று திருப்பதி முடிவு செய்திருந்தார். விடியாத பொழுதில் அவர்கள் படுத்திருந்த அறைக் கதவைத் தட்டினார். "ஏம்மா, எந்திரிச்சிட்டியா? வாக்கிங் போகணும். லேட்டானா கண்மாய்க்கரைல கூட்டமாயிரும்."

கண்மாய்க்கரையில் சிமெண்டுக் கல் பதித்து நடைபாதை போட்டிருந்தார்கள். ஊரில் சர்க்கரை வந்தவர்களும், வரப்போகிறவர்களும் கை வீசி நடந்தார்கள். கார்த்திகா நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு அம்மாள் மறித்தாள்.

"பேனர்ல இருக்குற பொண்ணுதானே நீயி? படத்துல கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சு, நேர்ல நல்லாத்தான் இருக்கு."

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒருவர், "மாசம் எவ்வளவும்மா வரும் ரெண்டு பேருக்கும்?" என்றார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு பெண் சுற்றி வளைக்காமல், "கல்யாணமாகி ரெண்டு வருசமாச்சுல்ல? விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டாள்.

"இருந்தா பேனர் வைப்பாங்கக்கா, பாத்துக்குங்க" என்றாள் கார்த்திகா.

அரவிந்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. திருப்பதியோ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, மருமகளுக்குப் பேனர் பிடித்துப்போய்விட்டது என்று உள்ளுக்குள் குளிர்ந்து போனார். இப்படிப்பட்ட மனுஷனை என்ன செய்வது?

அடுத்தது பைபாஸ் ஓட்டலில் டிபன். புதிதாகத் திறந்தது, வாசலில் கார் நிறுத்த இடமில்லை. உட்காருவதற்கும் இடமில்லை. சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, அவர்கள் எப்போது கை கழுவுவார்கள் என்று இலையைப் பார்க்க வேண்டும். "பாத்தியாம்மா கூட்டத்த? மெட்ராஸ்ல கெடைக்குமா?" என்றார் திருப்பதி. கிடைக்காமலா என்று கார்த்திகா சொல்லவில்லை. அவள் பொங்கலில் பாதியில் இருக்கும்போதே அவளுடைய முதுகுக்குப் பின்னால் நாலு பேர் வந்து நின்றுவிட்டார்கள்.

அங்கிருந்து சூப்பர் மார்க்கெட். அங்கே சாமான் வாங்குகிறவர்கள் கொஞ்சம். எஸ்கலேட்டரில் ஏறி இறங்குவதற்கென்றே குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் நிறைய. முதல் படியில் கால் வைக்கப் பயந்து ஆட்கள் திகைத்து நிற்க, பின்னாலிருந்து உறவுக்காரர்கள் தைரியம் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாம கால வையிம்மா, நான் இருக்கேன்" என்றார் திருப்பதி, தினமும் மெட்ரோ ரயிலில் வேலைக்குப் போய் வந்த பெண்ணிடம். சொல்லிவிட்டு அவர் முதலில் கால் வைத்தார். வைத்த கால் மேலே போயிற்று. மற்ற கால் தரையிலேயே நின்று யோசித்தது. "ஏய், ஏய்" என்றபடி சாய்ந்தவரைக் கார்த்திகா எட்டிப் பிடித்து நிறுத்தினாள். மேலே போய்ச் சேர்ந்ததும், "நல்லவேளை, நான் ஒன்னையப் பிடிச்சேன்" என்றார் அவர். அவளும் ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டாள். நல்ல பெண்தான்.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் திருமயம் கோட்டைக்குக் கூட்டிப்போனார். காலையிலோ சாயங்காலமோ போக வேண்டிய இடம் அது. ஆனால் காலையும் சாயங்காலமும் வேறு அயிட்டங்களுக்கு ஒதுக்கியாகிவிட்டதே! பங்குனி வெயிலில் பாறை கொதித்தது. மேலே பீரங்கிக்குப் பக்கத்தில் மருமகளை நிறுத்தி, "கைய அது மேல வையி, போட்டோ நல்லா விழும்" என்றார். வைத்தவள் தோசைக்கல்லைத் தொட்டவள்போல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். போட்டோவில் அதுதான் விழுந்தது.

"அப்பா, கொஞ்ச நேரம் நிழல்ல உக்காரலாமே. காத்து நல்லா வருது" என்றான் அரவிந்த்.

"உக்காந்திருந்தா எப்புடிடா ஊரப் பாக்குறது? இறங்கு, இறங்கு. பூங்கா இருக்கு, தியேட்டர் இருக்கு."

மதில் ஓரமாக நின்று, ஊர்களும் கண்மாய்களும் விரிந்து கிடந்ததைக் கார்த்திகா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் ஓட்டிக்கொண்டு இறங்கினார்.

சாயங்காலம் கார்டன் சிட்டியின் பூங்கா. அதுதான் திருப்பதியின் சொந்தச் சாதனை. ஊஞ்சல், சறுக்கு, சிமெண்டு யானை எல்லாம் உண்டு. வாசலில் பெரிய பூட்டும் உண்டு. பிள்ளைகளை உள்ளே விட்டால் ஆடி ஆடியே ஊஞ்சலைக் கெடுத்துவிடும் என்று, திறப்பு விழா நடந்த மறுநாளே பூட்டிவிட்டார்கள். சங்கத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரே திருப்பதிதான்.

"இங்கேயே நில்லுங்க, சாவி செயலாளர்ட்ட இருக்கு. இந்தா வந்துட்டேன்" என்று ஓடினார்.

செயலாளர் சோலையப்பன் சட்டம் பேசுகிற ஆள். "தலைவர்னாலும் மருமகள்னாலும் சங்கத் தீர்மானம் தீர்மானந்தாங்க. மாத்தணும்னா கமிட்டியக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டார். திருப்பதி வீடு வீடாகப் போய்க் கமிட்டியைக் கூட்டினார். மருமகளுக்காக மட்டும் ஒரு நாள் திறந்துகொள்ளலாமா, அப்படித் திறந்தால் எனக்கும் மருமகள் இருக்கிறாளே என்று பேச்சு வளர்ந்து, தடித்து, டீ வந்து, ஒரு வழியாகச் சாவி கைக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது. வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால் பூங்கா வாசலில் யாரும் இல்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. பூட்டைத் திறந்து பார்த்தார். சிமெண்டு யானையின் தும்பிக்கை வரைக்கும் செடி மண்டிக் கிடந்தது. நல்லவேளை, பார்க்கவில்லை என்று பூட்டிவிட்டு வந்தார்.

மகனும் மருமகளும் சாவகாசமாக வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் முகத்திலும் அன்றைக்கு முழுக்க இல்லாத ஒரு தெளிவு. "எங்கடா போனீக? ஊர் பூரா தேடுறேன்" என்று சத்தம் போட்டார் திருப்பதி. "சும்மா அங்கிட்டு நடந்துட்டு வந்தோம்ப்பா" என்றான் அரவிந்த். ஒரு நல்ல பூங்காவை விட்டுவிட்டு அங்கிட்டு என்ன நடை வேண்டிக் கிடக்கிறது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே படுக்கப் போனார்.

திங்கட்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது கார்த்திகா சொன்னாள்: "மாமா, எனக்கு ஊரு ரொம்பப் பிடிச்சிருக்கு. நாங்க இங்கயே வந்துடுறோம்."

திருப்பதிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சட்னியில் காரம் கூடிப்போச்சு என்று சொர்ணத்தைத் திட்டினார். திட்டிக்கொண்டே எழுந்து, "மாடில ஏசி போட்டுருவோம். மொளகாய எல்லாம் இன்னைக்கே அள்ளு. வெள்ளையடிச்சு..." என்று மளமளவென்று அடுக்கினார். பேனர் பலித்துவிட்டது. ஊரைக் காட்டினால் இப்படிக் காட்ட வேண்டும்!

அரவிந்த் இட்லியைப் பிட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "மாடி வேணாம்ப்பா. வீடு பார்த்துட்டோம். கோல்டன் அவென்யூல."

கோல்டன் அவென்யூ என்பது மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள நகர். அவர்களுடைய ஆர்ச் இவர்களுடையதைவிட உயரம். வேண்டுமென்றே உயரமாகக் கட்டினார்கள் என்பது திருப்பதியின் கட்சி. அங்கே சங்கத் தலைவர் ஆவுடையப்பனோடு இவருக்குக் குடிதண்ணீர்க் குழாயில் தொடங்கிப் பிள்ளையார் சதுர்த்தி ஊர்வலம் வரைக்கும் தகராறு.

"அந்த ஆவுடையப்பன் ஏரியாவுலயா?" என்றார். "ஏன்டா, நான் கட்டிப் போட்டிருக்கேனேடா..."

கார்த்திகாதான் பேசினாள். "நேத்து நீங்க சாவி வாங்கப் போனீங்கல்ல மாமா. ரொம்ப நேரம் ஆச்சுன்னு சும்மா ரோட்டைத் தாண்டிப் போனோம். தள்ளுவண்டியில சுண்டல் வாங்கிச் சாப்பிட்டோம். தெருவுல பிள்ளைங்க ஷட்டில் ஆடிட்டு இருந்தாங்க, எங்களையும் கூப்பிட்டுச் சேத்துக்கிட்டாங்க. யாரு, எவருன்னு ஒருத்தரும் கேக்கலை. வேப்பமரத்துக் காத்து, அவ்வளவு நல்லா இருந்துச்சு. அங்கேயே ஒரு வீட்டுல டூ லெட் போர்டு பாத்தோம்."

"அப்ப, நாள் பூரா நான் காட்டுனது?"

"அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு மாமா." அவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா நாங்க ரெண்டு பேர் மட்டும் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துலதான் எனக்கு ஊரே கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு."

கெட்ட எண்ணத்தில் அவள் சொல்லவில்லை. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது. திருப்பதி சொர்ணத்தைப் பார்த்தார். அவள் அவருடைய தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ராத்திரியே சொல்லுச்சுக. நாந்தான், பாவம் அலைஞ்சு திரிஞ்சு வந்திருக்காரு, தூங்கட்டும், காலைல சொல்லுங்கன்னேன். கூப்புடு தூரம்தானேங்க? மெட்ராஸுக்கா போறாக? சிரிச்ச மொகமா இருங்க."

சிரித்த முகத்துக்கு எங்கே போவது? பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. ஊரைப் பிடிக்க வைத்தார், பிடித்துப்போயிற்று. அவரைத்தான் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதமே பால் காய்ச்சினார்கள். திருப்பதி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு போய், ஆவுடையப்பன் பக்கம் திரும்பாமல் ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டு வந்தார். கிளம்பும்போது கார்த்திகா வாசல் வரைக்கும் வந்தாள். "எப்ப வேணும்னாலும் வாங்க மாமா. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணிடுங்க. நாங்க ஏதாவது மீட்டிங்ல இருப்போம்."

வழியெல்லாம் சொர்ணத்தின் காது புளித்தது. "பெத்த மகன் வீட்டுக்குப் போன் பண்ணிட்டுப் போறதா? நான் என்ன கேஸ் சிலிண்டர் போடுறவனா? போக மாட்டேன். கூப்புட்டாலும் போக மாட்டேன்." சொர்ணமோ போன் பண்ணாமலே போய் வரலாம். மருமகள் அவளுக்கு ஒரு சாவியே கொடுத்திருந்தாள். அதை இவரிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

வைராக்கியம் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நின்றது. அன்று காலையில் எழுந்து, வழக்கம்போல் மாடி ஏறிச் சன்னலைத் திறந்தார். மிளகாய் நெடி அடித்தது. இறங்கி வந்து குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டார். கொல்லையில் முருங்கைக்காய் பறித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொர்ணத்திடம் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டினார்.

மகன் இருக்கும் தெருமுனையில், டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று போன் போட்டார்.

"சொல்லுங்க மாமா!" கார்த்திகாவின் குரலில் நிஜமாகவே சந்தோஷம். "எங்க இருக்கீங்க?"

"வீட்லதாம்மா. சும்மாதான்... வரலாமான்னு கேக்கலாம்னு."

"இதென்ன கேள்வி? வாங்க மாமா. அவர் இப்பத்தான் எந்திரிச்சாரு, வீடெல்லாம் அலங்கோலமா கிடக்கு. ஒரு அரை மணி நேரம் கழிச்சு வாங்களேன், டிபன் ரெடி பண்ணிடுறேன்."

"சரிம்மா, சரிம்மா. ஒண்ணும் அவசரமில்ல. எனக்கும் இங்க வேலை கெடக்கு" என்றார்.

போனைச் சட்டைப்பையில் போட்டார். வீட்டுக்குத் திரும்பிப் போனால் சொர்ணம் கேட்பாள். மெயின் ரோட்டில் நின்றால் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தெருவுக்குள் போனால் மருமகள் பார்த்துவிடுவாள். ஊருக்கே பொழுது போக்க வழி சொல்கிற மனுஷனுக்கு, தனக்கென்று கையில் கிடைத்த இந்த அரை மணி நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. முருங்கைக்காய்ப் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டார். செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் கல்லில் தேய்த்தார். மறுபடி போனை எடுத்து மணி பார்த்தார். இரண்டு நிமிஷம் போயிருந்தது.